ஜீரோவை வைல்ட்கேட்டால் அடிக்க முடியுமா? ஐஎல்-2 பசிபிக் சண்டைகள்

கேள்வி, 6 ஜனவரி

அண்ணா, ஐஎல்-2 1946 என்ற விமானச் சண்டைக் கணினி விளையாட்டில் பசிபிக் பக்கம் புதிதாக ஆட ஆரம்பித்திருக்கிறேன். அமெரிக்க வைல்ட்கேட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஜப்பானிய ஜீரோவிடம் சாகிறேன். முப்பது நொடி தாங்குவதில்லை. குறுகலாகத் திரும்புகிற விமானம்தானே டாக்ஃபைட் என்கிற நெருக்கமான விமானச் சண்டையில் ஜெயிக்கும்? அப்படியென்றால் வைல்ட்கேட்டால் ஜீரோவை அடிக்கவே முடியாது, சரிதானே?

6 ஜனவரி, இரவு 11.20

பாதி சரி, பாதி தப்பு. வட்டம் போடுவதில் வைல்ட்கேட்டுக்கு ஜீரோ எட்டவே எட்டாது, அது சரி. அதனால் அடிக்கவே முடியாது என்பது தப்பு.

எடையையும் இறக்கையையும் பார். ஏ6எம்2 ஜீரோ சண்டைக்குக் கிளம்பும்போது சுமார் 2,400 கிலோ. இறக்கைப் பரப்பு 22.44 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இறக்கை தூக்க வேண்டியது 107 கிலோ. எஃப்4எஃப்-4 வைல்ட்கேட் சுமார் 3,600 கிலோ, இறக்கை 24 சதுர மீட்டர் சொச்சம். அங்கே ஒரு சதுர மீட்டர் தலையில் 149 கிலோ. இந்தக் கணக்கோடு போய் ஜீரோவின் வாலைப் பிடிக்க வட்டம் போட்டால், முதல் சுற்றில் அவன் எதிர்ப்பக்கம் இருப்பான், இரண்டாவது சுற்றில் உன் பின்னால் இருப்பான். நீ சொன்ன முப்பது நொடி அதுதான்.

ஆனால் ஜீரோவுக்கு ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டினால் அது வேறு விமானம். 200 நாட், அதாவது மணிக்கு 370 கி.மீ. தாண்டியதுமே அதன் எயிலரான்கள், அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்புகள், இறுக ஆரம்பிக்கும். 450-ல் ஜாய்ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளினாலும் இறக்கை மெதுவாகத்தான் சாயும். அதே வேகத்தில் வைல்ட்கேட் இன்னும் சொன்ன பேச்சு கேட்கும்.

அதனால் "எந்த விமானம் நல்ல விமானம்" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்த வேகத்தில்? எவ்வளவு உயரத்தில்? இரண்டையும் சொல்லாமல் ஒப்பிட்டால் அது வெறும் பெயர்ச் சண்டை. 300 கி.மீ.யில் ஜீரோ ராஜா. 480-ல் அதே ஜீரோ லோடு ஏற்றிய லாரி. டாக்ஃபைட் என்பதே யாருடைய வேகத்தில் சண்டை நடக்கப்போகிறது என்பதற்கான இழுபறிதான்.

7 ஜனவரி, காலை 6.50

ராத்திரி ஒன்றை விட்டுவிட்டேன். அடுத்த முறை ஆடும்போது டிராக் பதிவு செய், அதாவது சண்டையைத் திரும்பப் பார்க்கும் பதிவு. செத்த சண்டையைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். வேகமானியில் மட்டும் கண் வை, எதிரியைப் பார்க்காதே. முதல் திருப்பத்தின் முடிவில் எவ்வளவு என்று எழுதி அனுப்பு.

8 ஜனவரி, இரவு 10.05

எண் வந்தது. 410-ல் சண்டைக்குள் நுழைந்தாய், ஒரு திருப்பம் முடிந்ததும் 260. உன் 150 கி.மீ. எங்கே போனது? ஜாய்ஸ்டிக்கை வயிறு வரை இழுத்ததில் கரைந்துபோனது. ஜீரோ உன்னிடமிருந்து பிடுங்கவில்லை, நீயே கொடுத்துவிட்டாய்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 3ஜி திருப்பம், அதாவது உன் எடை மூன்று மடங்காக அழுத்தும் திருப்பம் என்று வைத்துக்கொள். மணிக்கு 360 கி.மீ., அதாவது நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் வட்டத்தின் ஆரம் 360 மீட்டர், முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 23 நொடி. 540-ல், அதாவது நொடிக்கு 150 மீட்டரில், அதே 3ஜி போட்டால் ஆரம் 810 மீட்டருக்கு மேல், சுற்றுக்கு 34 நொடி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆரம் இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. அதனால்தான் திரும்ப ஆசைப்படுகிறவன் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவான். வட்டம் குறுகும், வேகமும் போகும். போய்ச் சேருகிற இடம் ஜீரோவின் வீடு.

மறுபக்கத்தையும் பார். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தை முழுக்க உயரமாக மாற்றினால், காற்றின் இழுப்பை விட்டுவிட்டால், 510 மீட்டர் கிடைக்கும். 150-ஐ மாற்றினால் 1,147 மீட்டர். வேகம்தான் உன் கைமுதல். ஒரே திருப்பத்தில் அதைச் செலவழித்துவிட்டு அப்புறம் கடன் கேட்டால் வானத்தில் யார் கொடுப்பார்கள்?

11 ஜனவரி, மாலை 5.30

நேற்று அண்ணன் மகன் வந்திருந்தான். இரண்டு கணினிகளை இணைத்து நாங்களே சோதனை செய்தோம். அவன் ஜீரோ, நான் வைல்ட்கேட். 3,000 மீட்டர், இருவரும் 350 கி.மீ., எதிரெதிராக வந்து ஒருவரையொருவர் கடந்ததும் சண்டை ஆரம்பம். நான் வேண்டுமென்றே வட்டம் மட்டும்தான் போட்டேன். பத்து சண்டை, பத்திலும் செத்தேன். பெரும்பாலும் இரண்டாவது சுற்று முடிவதற்குள். ஆக வட்டச் சண்டையில் வைல்ட்கேட்டுக்கு வாய்ப்பே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

11 ஜனவரி, இரவு 9.45

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. "எரிபொருள் எவ்வளவு வைத்தாய்?" என்று கேட்டேன். கால் டேங்க் என்றான். நான் முழு டேங்கோடு பறந்திருக்கிறேன்.

வைல்ட்கேட்டின் டேங்க் சுமார் 545 லிட்டர். பெட்ரோலை லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டால், முழு டேங்குக்கும் கால் டேங்குக்கும் இடையில் 290 கிலோ வித்தியாசம். நான்கு பேரைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போன மாதிரி. அவனோ கால் டேங்கோடு 2,120 கிலோவில், சதுர மீட்டருக்கு 95 கிலோவுக்கும் குறைவாக மிதந்துகொண்டிருந்தான். என்னுடையது 149. நானும் கால் டேங்க் போட்டிருந்தால் 137 ஆகியிருக்கும்.

மறுபடி செய்தோம், இருவரும் கால் டேங்க். முடிவு மாறவில்லை, செத்தேன். ஆனால் நேரம் மாறியது. இரண்டு சுற்றில் முடிந்தது நான்கு ஐந்து சுற்று இழுத்தது. அந்தக் கூடுதல் சுற்றுகளுக்குள் துணைக்கு ஒருவன் வந்து சேர்ந்துவிடலாம். அதனால் "வாய்ப்பே இல்லை" என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன். இனி யார் எந்தச் சோதனை முடிவைப் போட்டாலும் எரிபொருளையும் சேர்த்து எழுதுங்கள், நான் உட்பட.

12 ஜனவரி, பிற்பகல் 1.10

நிஜத்தில் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் எவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1942 ஜூனில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் தடாயோஷி கோகா என்ற ஜப்பானிய விமானி, அடிபட்ட ஜீரோவை அகுட்டான் தீவில் இறக்கப் பார்த்தார். மேலிருந்து புல்வெளியாகத் தெரிந்த இடம் சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது, அவர் அங்கேயே இறந்துபோனார். விமானம் ஏறக்குறைய முழுசாகத் தப்பியது. ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டுபிடித்து, சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள்.

நான் முதலில் சொன்ன 200 நாட் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். இன்னும் இரண்டு விஷயமும் கண்டுபிடித்தார்கள். அதிக வேகத்தில் ஜீரோ இடது பக்கம் உருளுவதைவிட வலது பக்கம் உருளுவது கடினம். மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் கார்புரேட்டர் எரிபொருள் கொடுக்காமல் எஞ்சின் தடுமாறும். ஜீரோ பின்னால் வந்தால் மூக்கைக் கீழே தள்ளு, வேகம் எடு, வலது பக்கம் உருண்டு திரும்பு என்ற பாடம் இதிலிருந்து பிறந்தது.

தம்பி, நாளைக்கு இதை மட்டும் பயிற்சி செய். சுடவே வேண்டாம். ஜீரோவைப் பின்னால் வரவிட்டு, தப்பிப்பதை மட்டும் பத்து முறை.

12 ஜனவரி, பிற்பகல் 1.25

மூக்கைக் கீழே தள்ளினால் எஞ்சின் தடுமாறுவது ஜீரோவின் தனிக் குறை என்று நினைத்துவிட வேண்டாம். 1940-ல் பிரிட்டிஷ் விமானங்களான ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிகேனுக்கும் இதே நோய். எதிரில் வந்த ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டதால் அது தலைகீழாகக் குதித்து ஓடும், பின்னால் துரத்தி வந்த பிரிட்டிஷ் விமானத்தின் மெர்லின் எஞ்சின் இருமும். 1941-ல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைக் கார்புரேட்டருக்குப் போகும் வழியில் பொருத்தி நோயைப் பெருமளவு தணித்தார். ஒரு வாஷர் அளவுப் பொருள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

14 ஜனவரி, இரவு 8.00

ஒருவர் கேட்டிருக்கிறார்: வைல்ட்கேட்டை விடுங்கள், ஹரிகேன் நன்றாகத் திரும்பும் விமானமாயிற்றே, திருகோணமலையில் ஜீரோவிடம் ஏன் அடிவாங்கியது?

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பல்படை வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது மதராஸைக் காலி செய்துகொண்டு போனவர்களில் என் பாட்டியும் ஒருத்தி. எழும்பூரில் ரயிலுக்குள் ஜன்னல் வழியாகத் தன்னைத் தூக்கிப் போட்டார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் படை ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கியது. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது.

ஹரிகேன் நன்றாகத் திரும்பும் என்பது உண்மை, யாரோடு ஒப்பிட்டு என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவில் 109-ஓடு ஒப்பிட்டால் நன்றாகத் திரும்பும். அங்கே "திரும்பித் தப்பி" என்று பழகிய கை, ஜீரோவிடமும் அதையே செய்தது. மார்க் 2 ஹரிகேனுக்குச் சதுர மீட்டருக்கு 140 கிலோ அளவில் வரும். ஜீரோவின் 107-ஐ நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் உயரம். கொழும்பில் சரியான முன்னறிவிப்பு இல்லை. ரத்மலானையில் ஹரிகேன்கள் ஓடுபாதையை விட்டு எழும்பும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். உயரமும் இல்லை, வேகமும் இல்லை. அந்த நிலையில் எந்த விமானத்தைக் கொடுத்தாலும் அதே கதிதான். திருகோணமலையில் ரேடார் சொன்னதால் முன்கூட்டியே மேலே போக முடிந்தது, அதனால் சிலருக்கு மேலிருந்து பாயும் முதல் வாய்ப்பாவது கிடைத்தது.

ஐஎல்-2வில் இரண்டு நிலைமையையும் நானே அமைத்து ஆடிப் பார்த்தேன். 300 மீட்டரில் 220 கி.மீ. வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் ஹரிகேனில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தால், சூரியனுக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள். செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் விமானம் நடுங்கி, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து ஸ்டால் ஆகிறது. விட்டால் நேர்கோட்டில் போய்ச் சாகிறேன். விளையாட்டுதான் என்று தெரிந்தும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. அன்று அங்கே இருந்தவர்களுக்கு மறுபடி ஆரம்பிக்கும் பொத்தான் கிடையாது.

14 ஜனவரி, இரவு 8.40

"ஸ்பிட்ஃபயராக இருந்திருந்தால்" என்று அடுத்து வரும் என்று தெரியும். 1943-ல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 ஜீரோவைச் சந்தித்தது. ஐரோப்பாவில் பேர் வாங்கிய விமானிகளும் இருந்தார்கள். வட்டம் போட்டவர்கள் அங்கேயும் மாட்டிக்கொண்டார்கள். விமானம் மாறினால் வேகக் கணக்கு மாறாது.

17 ஜனவரி, காலை 7.15

இதுவரை நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உயரமும் வேகமும்தான் முக்கியம் என்று வாய் கிழியச் சொல்கிறேன். அந்த உயரம் எங்கிருந்து வரும்? ஏறுவதிலும் ஜீரோதான் மேல். ஏ6எம்2 6,000 மீட்டரை ஏழரை நிமிடத்தில் தொட்டுவிடும். வைல்ட்கேட் கனத்த உடம்போடு மெதுவாகத்தான் ஏறும். சண்டை ஆரம்பித்த பிறகு உயரத்தைச் சம்பாதிக்க வைல்ட்கேட்டால் முடியவே முடியாது. முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும்.

பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள். ஜப்பானியர் தங்கள் தளமான ரபாவுலிலிருந்து ஏறக்குறைய 1,000 கி.மீ. பறந்து வர வேண்டும். வழியில் போகன்வில் தீவுக் காட்டுக்குள் ஒளிந்திருந்த கடலோரக் கண்காணிப்பாளர்கள் தலைக்கு மேல் போகும் விமானங்களை எண்ணி ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். வைல்ட்கேட்களுக்கு ஏறுவதற்கு நேரம் கிடைத்தது. மேலே காத்திருந்து, ஒருமுறை பாய்ந்து சுட்டுவிட்டு, நிற்காமல் கீழே போய்விடுவார்கள். அதே நிதானமான வைல்ட்கேட்தான். காட்டுக்குள் ஒரு ரேடியோ இருந்ததால் ஜீரோவோடு மல்லுக்கட்ட முடிந்தது. கொழும்புக்கும் குவாடல்கனாலுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

தம்பி, ஆக விளையாட்டில் நீ செய்ய வேண்டியது: கிளம்பியதும் எதிரி இருக்கும் பக்கம் போகாதே. எதிர்த்திசையில் போய் 5,000 வரை ஏறு. பத்து நிமிடம் போர் அடிக்கும். அடிக்கட்டும்.

18 ஜனவரி, இரவு 10.30

துப்பாக்கியைப் பற்றி யாரோ கேட்டார்கள், சுருக்கமாக. ஜீரோவின் இரண்டு 20 மி.மீ. பீரங்கிகளுக்கும் தலா 60 குண்டுதான், தொடர்ந்து அழுத்தினால் ஏழு நொடியில் காலி. மிச்சம் இருப்பது மூக்கில் இரண்டு 7.7 மி.மீ. துப்பாக்கி, வைல்ட்கேட்டின் கவசத்தில் அவை அரிசி எறிந்த மாதிரி. எஃப்4எஃப்-4-ல் ஆறு .50 (அரை அங்குல) துப்பாக்கி, தலா 240 தோட்டா, இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். ஜீரோவில் விமானிக்குக் கவசமும் இல்லை, ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் டேங்கும் இல்லை. இறக்கையின் அடியில் ஒரு நல்ல கொத்து பட்டால் போதும், வெள்ளைப் புகை, உடனே ஆரஞ்சு. இறக்கைத் துப்பாக்கிகள் குவியும் தூரத்தை நான் 200 மீட்டருக்கு வைத்திருக்கிறேன். அதைவிடத் தள்ளி இருந்து சுடுவதில்லை.

19 ஜனவரி, காலை 11.00

தப்பிக்கும் பயிற்சியின் டிராக் பார்த்தேன். பத்தில் ஏழு முறை தப்பித்திருக்கிறாய், பிரமாதம். மீதி மூன்றிலும் ஒரே தப்பு: தப்பித்து 500 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தவன், ஆசைப்பட்டுத் திரும்பவும் அவன் பக்கம் முழு வளைவு போட்டாய். ஓடுவது என்று முடிவு செய்தால் அவன் புள்ளியாகும் வரை ஓடு.

20 ஜனவரி, இரவு 9.20

உயரமும் இல்லை, ஓட இடமும் இல்லை, அப்போது? அதற்கும் ஒருவர் யோசித்து வைத்தார். ஜான் தாச், அமெரிக்கக் கடற்படை. 1941-ல் ஜீரோவைப் பற்றிய உளவு அறிக்கையைப் படித்துவிட்டு, ராத்திரி வீட்டு மேஜையில் தீக்குச்சிகளை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்திருக்கிறார். இரண்டு விமானங்கள், பக்கவாட்டில் இடைவெளி விட்டு. ஒருவன் பின்னால் எதிரி வந்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்ப வேண்டும். துரத்துகிற ஜீரோ தன் இரையைப் பின்தொடர்ந்தால், அடுத்தவன் துப்பாக்கிக்கு நேர் முன்னால் வந்து நிற்பான். பின்தொடராமல் விட்டால், இரை தப்பித்தது.

இதைச் சோதித்த விதம்தான் எனக்கு முக்கியம். சக விமானி புட்ச் ஓஹேரை நான்கு விமானங்களோடு தாக்கச் சொல்லி, தன் நான்கு விமானங்களின் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கப் போகாதபடி கட்டிப்போட்டார். எதிரி தன்னைவிட நல்ல விமானத்தில் வருவான் என்பதை ஒப்புக்கொண்டு ஆரம்பித்த சோதனை அது. 1942 ஜூன் 4, பசிபிக்கின் மிட்வே போரில் முதல்முறையாக நிஜச் சண்டையில் செய்தார், பலித்தது.

இதுவரை நாம் ஒன்றுக்கு ஒன்று என்றே பேசிக்கொண்டிருந்தோம். நான் எழுதிய கணக்கு எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. தாச் கேள்வியையே மாற்றிவிட்டார். சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு வா, நீயும் நானும் வைல்ட்கேட். அண்ணன் மகனும் அவன் நண்பனும் ஜீரோ. அரை டேங்க், எல்லோருக்கும்.

25 ஜனவரி, அதிகாலை 12.50

தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டே படுக்கிறேன்.

முதல் மூன்று சண்டையும் போனது. நாம் இருவரும் ரொம்ப நெருக்கமாகப் பறந்தோம். ஒருவரை நோக்கி ஒருவர் திரும்புவதற்குள் கடந்துவிட்டோம், சுட நேரமே இல்லை. இரண்டாவதில் உன் இறக்கை என் கண்ணாடிக் கூண்டை உரசியது. நான்காவதில் இடைவெளியை ஒரு திருப்ப வட்டம் அளவுக்கு விரித்தோம்.

ஐந்தாவது சண்டை. என் வாலில் ஜீரோ, கண்ணாடியில் அவன் மூக்குத் துப்பாக்கி மினுக்குகிறது, என் இடது இறக்கையில் டக் டக் என்று 7.7 விழுகிறது. "இப்போ" என்றேன். இருவரும் உள்ளே திரும்பினோம். வேகமானி 330. இழுக்கக் கை துடிக்கிறது, இழுக்கவில்லை. நீ நேர் எதிரில் பெரிதாகிக்கொண்டே வந்து என் தலைக்கு மேல் போனாய். உன் ஆறு துப்பாக்கிகளும் வெடித்த சத்தம் கேட்டது. ஒரு நொடி, அதற்கு மேல் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவன் இறக்கையின் அடியில் வெள்ளைப் புகை.

அண்ணன் மகன் ஹெட்ஃபோனில் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. "சித்தப்பா, அந்த இன்னொருத்தர் எங்கிருந்து வந்தார்? நான் பார்க்கவே இல்லை."

தம்பி, அந்த டிராக்கை அழித்துவிடாதே, எனக்கு அனுப்பு. அடுத்த சனிக்கிழமை நாம் ஜீரோ எடுக்கலாம். அவர்கள் இதை நமக்குச் செய்தால் எப்படி உடைப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.